மூன்று நகல் மாப்பிள்ளை

நெட்டைக்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எல்லாம் பொறாமைதான். ஒரு பேச்சைக் கேட்டால் கேட்டபடியே செய்து முடிக்கிற மனிதர்களை இந்த ஜில்லாவில் வேறெங்கே காட்டுவீர்கள்? பேருந்தில் கண்டக்டர், "படியில நிக்காதீங்க" என்று சொன்னால் நெட்டைக்குளத்துக்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். படியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

வேலாண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கணக்குத் தொடங்கிய அன்று அவர் பேனா கசிந்து, கையெழுத்தின் மேல் பெரிய பொட்டாக மை விழுந்துவிட்டது. "இனிமே எப்பவும் இதே மாதிரிதான் கையெழுத்துப் போடணும்" என்றார் வங்கிக்காரர். அன்றிலிருந்து பணம் எடுக்கப் போகும்போதெல்லாம் வேலாண்டி, கசிகிற பேனா கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்குகிறார். அப்பேர்ப்பட்ட மனிதர்.

இந்த வேலாண்டி நம்முடைய கொம்பையாவுக்குச் சித்தப்பா. கொம்பையா வாழைத்தார் வியாபாரி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. சித்தப்பா வேலாண்டியும் தாய்மாமன் பேச்சிமுத்துவும் சேர்ந்துதான் அவனை ஆளாக்கினார்கள். அவனை வளர்க்கிற மும்முரத்தில் இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோனார்கள். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பாசத்தோடு பெண் பார்க்கவும் கூடவே கிளம்பி வந்தார்கள். அதனால்தான் கொம்பையாவுக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை.

கடைசியாகப் பார்த்த இடத்தில் பெண்ணின் அப்பா, "கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்கிடுங்க" என்றார். சித்தப்பா நினைத்துக்கொண்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டிலில் படுத்து நல்ல தூக்கம் போட்டார். எழுந்து வந்து பார்த்தால் பெண்வீட்டார் இன்னும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். "நேரமாயிட்டே, நீங்க உங்க வீட்டுக்குக் கிளம்பலையா?" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

இப்போது தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெண் பெயர் செண்பகவல்லி. போட்டோவில் பல் தெரிய, கண் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. பூவன் தாரை ரஸ்தாளி என்று சொல்லி விற்றான். அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

பெண்ணின் அப்பா சங்கரபாண்டியன் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வீடு பார்க்க வாரோம். பொண்ணு வாறது எங்க வழக்கத்துல இல்ல. ஆனா எம்மவ நானும் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. ஒரே ஒரு விஷயம். அவ கிளவுட் கம்ப்யூட்டிங்ல வேலை பார்க்கா. மாப்பிள்ளை பெரிய படிப்புப் படிக்காட்டியும் பரவால்ல. தன் வேலை என்னன்னு புரிஞ்சவரா இருக்கணும்னு சொல்லுதா. நேர்லயே கேட்பா, பார்த்துக்கிடுங்க."

கொம்பையாவுக்குக் கை கால் ஓடவில்லை. மாமாவையும் சித்தப்பாவையும் கூட்டினான். அவனுடைய சிநேகிதன் மாசானமும் மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். நான்கு பேரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"கிளவுட்டுன்னா மேகம்" என்றான் மாசானம். "பக்கத்து ஊர்ல எவனோ இதைக் கேட்டுட்டு, ஏணியத் தூக்கிட்டு மலைமேல ஏறியிருக்கான்."

நான்கு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "பைத்தியக்காரப் பய" என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது சும்மா ஒரு பேரு. நாம அப்படி முட்டாத்தனமால்லாம் செய்யக்கூடாது. முறையா ஒருத்தர்கிட்டப் போயி கத்துக்கிடணும்."

முறையாகத்தான் போனார்கள். டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற ரெஜினா டீச்சர் முன்னால் நான்கு பேரும் கை கட்டி உட்கார்ந்தார்கள்.

டீச்சர் பொறுமைசாலி. "உங்க போட்டோ, கணக்கு வழக்கு எல்லாத்தையும் உங்க கம்ப்யூட்டர்லயே வச்சிருந்தீங்கன்னா, அது கெட்டுப்போச்சுன்னா எல்லாம் போச்சு. அதனால அதையெல்லாம் வேற ஒரு இடத்துல, ஒரு கம்பெனிக்காரனோட பெரிய பெரிய கம்ப்யூட்டர்ல வச்சிருவோம். வேணும்கும்போது இன்டர்நெட் வழியா எடுத்துக்கலாம். எவ்வளவு பயன்படுத்துறோமோ அவ்வளவுக்குத்தான் வாடகை."

"நம்ம பொருள் நம்ம வீட்டுல இருக்கக்கூடாது" என்றார் சித்தப்பா.

"அப்படியும் சொல்லலாம்" என்றார் டீச்சர். அவருக்கு நெட்டைக்குளத்தைப் பற்றித் தெரியாது.

பிறகு வகைகளைச் சொன்னார். ஊரில் எல்லாரும் ஒரே இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டால் பொது. ஒருத்தருக்கு மட்டும் என்று பூட்டி வைத்துக்கொண்டால் தனி. முக்கியமானதை நம் கையில் வைத்துக்கொண்டு மீதியை வெளியே விட்டால் கலப்பு. "வாங்குறதுலயும் மூணு விதம் இருக்கு. வெறும் இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துட்டு, அடுப்பு பாத்திரமெல்லாம் நீங்களே கொண்டு போகலாம். அடுப்பு பாத்திரத்தோட சேர்த்து எடுத்துட்டு சமையல மட்டும் நீங்க பார்க்கலாம். இல்ல, சமைச்ச சாப்பாட்டையே வாங்கிச் சாப்பிட்டுட்டுப் போயிரலாம்."

"டீச்சர்" என்று மாமா கையைத் தூக்கினார். "நான் மூணு வேளையும் மருமவன் வீட்டுலதான் சாப்பிடுதேன். அடுப்புப் பக்கமே போனது கிடையாது. அப்பம் நான் இத்தன காலமா அந்த மூணாவது விதத்துலதான் இருக்கேனா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆமாம் என்றார். மாமா மற்ற மூன்று பேரையும் பெருமையாகப் பார்த்தார்.

"இதுல நல்லது என்ன, கெட்டது என்ன?" என்று கொம்பையா கேட்டான். பாடம் அவனுக்குத்தானே தேவை?

"நல்லது என்னன்னா, முக்கியமானதுக்கெல்லாம் நகல் இருக்கும். மூணு நகல் எடுத்து மூணு இடத்துல வச்சிருவாங்க. ஒண்ணு விழுந்தா அடுத்தது தானா வேலையைத் தொடங்கிரும். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. கெட்டது என்னன்னா, இணைப்புப் போச்சுன்னா உங்க பொருளே உங்களுக்குக் கிடைக்காது. அடுத்தவன் கையில இருக்கிறதால பாஸ்வேர்டு ரொம்ப முக்கியம். அதை யாருகிட்டயும், யாருகிட்டயுமே சொல்லக்கூடாது."

"யாருகிட்டயுமே" என்று சித்தப்பா மெதுவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் மாமா ஒரு யோசனை சொன்னார். "மருமவனே, புரிஞ்சுதுன்னு வாயால சொன்னா எவன் நம்புவான்? அவிய என்ன பார்க்க வாராவ? வீடுதானே பார்க்க வாராவ? வீட்டையே அப்படி ஆக்கிருவோம். அந்தப் பிள்ளை உள்ள வந்த உடனே, அட, நம்ம ஆபீஸுல்லா இதுன்னு நினைக்கணும்."

கொம்பையாவுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. "செய்வோம் மாமா" என்றான்.

வேலை மளமளவென்று நடந்தது. முதலில் பொது. ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேருந்து நிறுத்தத்து நிழற்குடையில் வைத்தார்கள். டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர்ச்சனம் அதில் பால், மாவு, கருவாடு, பூ, கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மருந்து எல்லாம் கொண்டுவந்து அடுக்கிவிட்டது. கொம்பையாவின் பால் பாத்திரம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. "பாத்தியா, எல்லாரும் பயன்படுத்துதாவ. இதுதான்டே பொது" என்று மாமா பூரித்துப்போனார்.

அடுத்தது தனி. பீரோவை மாசானத்தின் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்தார்கள். சித்தப்பா புது நம்பர் பூட்டு வாங்கி வந்திருந்தார். மற்றவர்களை எல்லாம் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார். அப்புறம் தன் கண்களையும் இறுக மூடிக்கொண்டு பூட்டின் எண்களை இஷ்டத்துக்குத் திருப்பி அமுக்கிவிட்டார்.

"என்ன நம்பர் சித்தப்பா?" என்றான் மாசானம்.

"யாருகிட்டயுமே சொல்லக்கூடாதுன்னுல்லா டீச்சர் சொன்னா?"

"எங்ககிட்டச் சொல்ல வேண்டாம். உமக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரிஞ்சா எப்பவாவது வாய் தவறிச் சொல்லிருவேன்லா? அதான் கண்ண மூடிக்கிட்டேன்" என்றார் சித்தப்பா. உண்மையிலேயே பத்திரமான பூட்டு அது. கொம்பையாவின் புது வேட்டியும் சட்டையும் அந்தப் பீரோவுக்குள்தான் இருந்தன.

கலப்பில்தான் தகராறு வந்தது. மிச்சமிருந்தது கட்டில். முக்கியமானது நம் கையில் இருக்கவேண்டும், மீதி வெளியே போகவேண்டும்.

"கட்டில்ல முக்கியமானது தலைமாடு" என்றார் மாமா. "மனுசனுக்குத் தலை முக்கியம்லா?"

"அதெப்படி?" என்றார் சித்தப்பா. "தூங்கும்போது தலை சும்மாதானே கிடக்கு? காலுதான் உதறுது, புரளுது, போர்வையத் தள்ளுது. வேலை பார்க்கிறது கால்மாடு மச்சான்."

"கனவு காணுறது யாரு? காலா?"

தலைமாட்டுப் பாதியை வீட்டில் வைப்பது என்று முடிவாயிற்று. ரம்பம் எடுத்து நடுவில் அறுத்தார்கள். கால்மாட்டுப் பாதி மாசானத்தின் மாட்டுத் தொழுவத்துக்குப் போனது. வீட்டுப் பாதி ஒரு பக்கமாகச் சாய்ந்ததால் அறுத்த பக்கத்துக்கு ஒரு வாழைத்தாரை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள்.

அடுப்பு மாமா வீட்டுக்குப் போனது. தண்ணீர்க் குடம் கடைசித் தெருவுக்கு. டம்ளர்கள் வேறொரு வீட்டுக்கு. எல்லாவற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே இணைப்பு வேண்டுமே? மாசானமும் மொபெட்டும்தான் இணைப்பு. "வேகம் எப்படி?" என்று சித்தப்பா கேட்டார். "கல்லு ரோட்டுல கொஞ்சம் குறையும்" என்றான் மாசானம்.

எல்லாம் முடிந்து வெறும் கூடத்தில் நின்றபோது மாமாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"முக்கியமானதுக்கு மூணு நகல் வேணும்னு டீச்சர் சொன்னாள்லா? ஞாயித்துக்கிழமை எது முக்கியம்?"

யோசித்தார்கள். மெதுவாக மூன்று பேரும் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை" என்றார் சித்தப்பா.

"இருக்கிறது ஒரே மாப்பிள்ளை. வாற நேரத்துல அவனுக்கு வயித்தால போச்சுன்னா?" என்றார் மாமா. "போன தடவையெல்லாம் ஏன் கெட்டுச்சுன்னு இப்பல்லா புரியுது. நகலே இல்லாமப் பொண்ணு பார்க்கப் போயிருக்கோம்."

கொம்பையாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்படியே முடிவாயிற்று. மாமா ஒரு நகல், சித்தப்பா ஒரு நகல், கொம்பையா ஒரு நகல். வித்தியாசம் தெரியக்கூடாதென்று மூன்று பேருக்கும் ஒரே பச்சைக் கட்டம் போட்ட லுங்கியும் கைவைத்த பனியனும். மூன்று இடத்தில் இருக்கவேண்டும் என்பதால் மாமா நிழற்குடையில் ஃபிரிட்ஜ் பக்கத்தில், சித்தப்பா மோட்டார் ரூம் வாசலில், கொம்பையா வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை. கொம்பையா பாதிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அசைந்தால் வாழைப்பழம் நசுங்கியது. அதனால் அசையாமல் இருந்தான். வாசலில் மொபெட் சத்தம் கேட்டது.

"முதல் நகல் வேலையை ஆரம்பிச்சாச்சு!" என்று மாசானம் மூச்சு வாங்க ஓடிவந்தான். "கார் நிழற்குடைகிட்ட நின்னுச்சு. பொண்ணோட அப்பா, கொம்பையா வீடு எதுன்னு கேட்டாரு. மாமா எந்திச்சு, நான்தான் கொம்பையான்னாரு."

"அதுக்கு அவிய என்ன சொன்னாவ?"

"பொண்ணோட அம்மா காருக்குள்ளயே அழ ஆரம்பிச்சுட்டாவ. அறுபது வயசுக் கிழவனையா பார்த்தீருன்னு புருசனைப் போட்டு அடிக்காவ."

"அந்தப் பொண்ணு?"

"அது சிரிச்சுது."

கொம்பையாவின் மனசு கொஞ்சம் லேசானது. அதற்குள் கார் மோட்டார் ரூமைத் தாண்டியது. அங்கே நம்பர் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சித்தப்பா ஓடிவந்து, "நானும் கொம்பையாதான்" என்று சொல்லிக் கையைக் கூப்பினார். கடைசியில் பெண்ணும் அப்பாவும் அம்மாவும் முன்னால் வர, இரண்டு நகல்களும் பின்னால் வர, எல்லாரும் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

வெறும் வீடு. உட்கார ஒரு பலகை கிடையாது. நடுவில் பாதிக் கட்டில், அதன்மேல் பச்சை லுங்கியில் ஒருவன், கீழே ஒரு வாழைத்தார். சங்கரபாண்டியன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்றார்.

"மாசானம், தண்ணி ஒண்ணு!" என்று சித்தப்பா கம்பீரமாகக் குரல் கொடுத்தார். மொபெட் கிளம்பியது. கடைசித் தெருவில் ஒரு முறை நின்றது, டம்ளர் இருக்கிற வீட்டில் ஒரு முறை நின்றது. திரும்பி வந்தபோது டம்ளரில் பாதி தண்ணீர்தான் இருந்தது. மீதி மாசானத்தின் சட்டையில் இருந்தது. "இன்னும் ரெண்டு பேருக்கும் வேணும்லா?" என்று மாசானம் மறுபடி கிளம்பினான். கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்த சத்தம் கேட்டது. அதற்கு மேல் மாசானம் வரவில்லை.

"இணைப்புப் போச்சு" என்று மாமா வருத்தத்தோடு அறிவித்தார்.

சங்கரபாண்டியனுக்குப் பொறுமை போய்விட்டது. "அதெல்லாம் இருக்கட்டும்யா. உங்கள்ல மாப்பிள்ளை யாரு?"

"நான்தான்" என்றார்கள் மூன்று பேரும்.

அம்மா மறுபடி அழத் தொடங்கினாள். அப்பா வாசலைப் பார்த்துத் திரும்பினார். செண்பகவல்லி மட்டும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இருங்கப்பா. மூணு பேர்ல நான் யாரைக் கட்டிக்கிடணும்? அதைக் கேட்போம்."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுல குழப்பமே இல்ல தாயி. முதல்ல வேலையை ஆரம்பிச்சது யாரோ அவன்தான் இப்போதைக்கு மாப்பிள்ளை. நிழற்குடையில உங்களை முதல்ல பார்த்தது நானு. நான் விழுந்தா அடுத்தது வேலாண்டி. அவனும் விழுந்தாத்தான் மூணாவது."

"சரியாத்தான் சொல்லுதாவ" என்றாள் செண்பகவல்லி அப்பாவிடம், தயக்கத்தோடு. "எங்க ஆபீஸ்லயும் இதேதான் முறை."

கொம்பையாவுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. அந்தச் சிரிப்பு இரண்டு அடி தூரத்தில் நிற்கிறது. அதைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவது மாமா. முறைப்படி சரிதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணிலிருந்து ஒரு சொட்டு வாழைப்பழத்தின் மேல் விழுந்தது.

மாமா அதைப் பார்த்துவிட்டார். தூக்கி வளர்த்த கை அல்லவா? மேல்துண்டை விரித்தார், அதன்மேல் நீட்டி நிமிர்ந்து மல்லாந்து படுத்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் விழுந்துட்டேன்" என்றார்.

உடனே சித்தப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "அடுத்தது தானா வேலையைத் தொடங்கிரும்" என்று பெண்ணின் அம்மாவுக்கு விளக்கினார். "வித்தியாசம் தெரியுதா? தெரியாதே?"

"சித்தப்பா" என்று கொம்பையா கெஞ்சினான். "நீங்களும் விழுங்களேன்."

"காரணமில்லாம எப்படிலே விழுறது? உங்க மாமனுக்கு வயசாச்சு, விழுந்தான். நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"இணைப்புத்தான் இல்லையே சித்தப்பா!"

சித்தப்பா யோசித்தார். வெடித்த டயரை நினைத்துப் பார்த்தார். "அதுவும் வாஸ்தவம்" என்று சொல்லிவிட்டு மாமாவுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தார். ஈ மொய்த்ததால் இரண்டு பேரும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்கள்.

இப்போது கொம்பையாதான் மாப்பிள்ளை. செண்பகவல்லி அவன் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். "கிளவுட்டுன்னா உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்டாள்.

கொம்பையா விரல் விட்டு எண்ணினான். "நம்ம பொருள் நம்மகிட்ட இருக்காது. ஆனா நம்மளுதுதான். நல்லது என்னன்னா, இப்ப இந்த வீடு தீப்பிடிச்சா பாதிக் கட்டில்தான் போவும். கெட்டது என்னன்னா, நீங்க தாகத்தோட இருக்கீய, என்னால ஒரு மடக்குத் தண்ணி குடுக்க முடியல. உங்களுக்காக வாங்கின வேட்டி சட்டை பூட்டுக்குள்ள இருக்கு. நம்பர் கடவுளுக்குத்தான் தெரியும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் புரியல" என்றான் கொம்பையா. "முக்கியமானதுக்கு மூணு நகல் வேணும்காவ. எனக்கு இப்ப ரொம்ப முக்கியமானது நீங்கதான். ஆனா நகல் வேணும்னு தோணவே மாட்டேங்கு. நீங்க ஒரே ஒருத்தர் போதும்னு இருக்கு. அது தப்பா?"

செண்பகவல்லி சிரிக்கவில்லை. "தப்பில்ல" என்றாள். அப்புறம்தான் சிரித்தாள், போட்டோவில் இருந்ததைவிட நன்றாக. "அப்பா, அந்தத் தாம்பூலத் தட்டை எடுங்க."

சங்கரபாண்டியன் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். மகள் மாற்றிச் சொல்லவில்லை. காரிலிருந்து தட்டு வந்தது. அதே நேரத்தில், மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்த மாசானம் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். வரிசையாக இரண்டு பேர் முகத்தை மூடிக் கிடக்கிறார்கள். பக்கத்தில் ஒரு அம்மாள் அழுகிறாள்.

அவன் போட்ட கூப்பாட்டில் தெருவே திரண்டு வந்தது. பெண்கள் தலையை விரித்துப்போட்டு மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். யாரோ சங்கூத ஆள் அனுப்பினார்கள். "துட்டி வீட்டுல எப்படி தட்டு மாத்துறது?" என்று சங்கரபாண்டியன் தட்டோடு பின்வாங்கினார்.

மாமா துணிக்குள்ளிருந்தே சத்தம் போட்டார். "ஏ சனியன்களா! நாங்க சாகல, விழுந்துதான் கிடக்கோம். நல்ல நேரம் போறதுக்குள்ள தட்டை மாத்தித் தொலைங்க."

ஒப்பாரி நின்றது. நெட்டைக்குளத்து ஜனம் பிணம் பேசியதற்காகப் பயப்படவில்லை. "எப்ப எந்திப்பீய?" என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள்.

"மாப்பிள்ளை விழுந்தாத்தான்" என்றார் சித்தப்பா.

தட்டு மாறியது. வந்த கூட்டத்தைக் கையோடு நிச்சயத்துக்கு வந்த கூட்டமாக வைத்துக்கொண்டார்கள். ஃபிரிட்ஜிலிருந்து பால் வரவழைத்துக் காபி போட்டார்கள். கருவாட்டு வாசனை அடித்தது. செண்பகவல்லி முகம் சுளிக்காமல் குடித்தாள். பெண்ணுக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிற்று என்று அப்போதுதான் அவள் அம்மாவுக்கு உறைத்தது.

வைகாசியில் கல்யாணம். மணமேடையில் கொம்பையா பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் அதே பட்டு வேட்டி, அதே மாலையோடு மாமாவும் சித்தப்பாவும் நின்றார்கள். நகல்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பதால் ஒருவர் வலது மூலையில், ஒருவர் இடது மூலையில். சொந்தக்காரர்கள் ஏதோ குலவழக்கம் போலிருக்கிறது என்று கேட்காமல் விட்டார்கள்.

கெட்டிமேளம் முழங்கியது. கொம்பையா தாலியை எடுத்தான். அப்போது பார்த்து ஹோமப் புகை மூக்கில் ஏறிவிட்டது. கண் சொருகியது, வாய் பிளந்தது, உடம்பு பின்னால் சாய்ந்து தும்மலுக்குத் தயாரானது.

இரண்டு மூலையிலிருந்தும் இரண்டு பேர் ஒரே பாய்ச்சலாக முன்னால் வந்தார்கள். இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு மஞ்சள் கயிற்றுத் தாலி.

செண்பகவல்லி சட்டென்று கொம்பையாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். "என்ன ஆனாலும் விழுந்துராதீய" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கொம்பையா தும்மலை அப்படியே விழுங்கினான். கண்ணில் தண்ணீர் தெறிக்க முதல் முடிச்சைப் போட்டான்.

சித்தப்பா பெருமூச்சு விட்டுத் தாலியை மடியில் செருகப் போனார். மாமா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அதுக்குள்ள உள்ள வைக்காதீரு மச்சான். இன்னும் ரெண்டு முடிச்சு பாக்கி இருக்கு."